பாக்யலட்சுமி அம்மையாரிடம் அமானிதமாக இருந்த குப்பிகள்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் திரு. தமிழரசன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, முன்வரிசையில் மனைவியை இழந்த துயரத்தோடு அமர்ந்திருக்கும் திரு. அரியமுத்து ஐயா அவர்களே, பூலாம்பாடியிலிருந்தும் பாடாலூரிலிருந்தும் ஆலத்தியூரிலிருந்தும் எங்கள் லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் அன்றாட வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கத்தையும் சலாமையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரங்கல் கூட்டம் தொடங்கி நெடுநேரம் கழித்து வந்து சேர்ந்தமைக்கு இச்சபை என்னைப் பொறுத்தருள வேண்டும். பேருந்தின் மீது பழி போட மாட்டேன். பேருந்து நேரத்துக்கு வந்தது. நான்தான் அதில் ஏற இயலவில்லை. ஏன் ஏற இயலவில்லை என்பதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதைச் சொல்வதற்காகவே வந்தேன் என்றுகூடக் கொள்ளலாம்.

என் பெயர் ஹுஸ்னா. ஊட்டச்சத்து ஆலோசகர் பாக்யலட்சுமி அம்மையார் எங்கள் ஊரில் நடத்திவந்த உணவு ஆலோசனை மையத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. எனக்கு வேறு பதவி கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது; படிப்பை நான் விடவில்லை. ஊர் நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இன்று 'பீட்டா கரோட்டின்' என்ற சொல்லைப் பிசகாமல் உச்சரிக்கிறேன் என்றால், அமினோ அமிலங்கள் கோத்துக் கோத்துத்தான் புரதம் உருவாகிறது என்று நாலு பேருக்கு விளக்குகிறேன் என்றால், அந்த அறிவு நானே தேடிக்கொண்டது. தேடலாம் என்ற துணிவு யார் தந்தது? அது அம்மையார் தந்தது.

மையம் திறந்த அன்று பலகை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். "உயிர்ச்சத்து விழிப்புணர்வு நல்வாழ்வு நடுவம்" என்று எழுதி நின்றேன். அம்மையார் பார்த்தார், சிரித்தார்.

"ஹுஸ்னா, தமிழ் ரொம்ப நல்லாருக்கு. ஆனா இதப் படிச்சுட்டு ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க. வைட்டமின்னு எழுதுங்க, எல்லாருக்கும் புரிஞ்சிடும்."

எழுதினேன். மக்கள் வந்தார்கள். ஆனால் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள் தெரியுமா?

சபையோரே, எங்கள் ஊரில் வளைகுடாவிலிருந்து ஒரு பிள்ளை விடுமுறையில் வந்தால், கூடத்தில் பெட்டி பிரிக்கும் வழக்கம் உண்டு. உறவு முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்கும். போர்வை ஒருவருக்கு, அத்தர் ஒருவருக்கு, பேரீச்சம்பழம் எல்லோருக்கும். அண்மைக் காலமாக அந்தப் பெட்டியிலிருந்து வேறொன்றும் வருகிறது. மாத்திரைக் குப்பி. வாப்பாவுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று, முழங்கால் வலிக்கும் மாமிக்கு ஒன்று. கிழக்கிலும் மேற்கிலும் எத்தனை வைட்டமின் உண்டோ அத்தனையும் ஒரே மாத்திரையில் அடைத்த குப்பிகள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் தம்பிக்கு அமினோ அமிலத் தூள் அடைத்த பெரிய டப்பா. அன்பை அனுப்ப வேறு வழி தெரியாத பிள்ளைகள் அனுப்பியவை அவை.

அம்மையார் முதலில் நேராகச் சொன்னார். உணவிலிருந்து வரும் வைட்டமின் வேறு, அளவுக்கு மீறி மாத்திரையாக விழுங்குவது வேறு. கீரையும் பழமும் பருப்பும் உண்பவர்களிடம் சில வகைப் புற்றுநோய்கள் குறைவாகக் காணப்படுகின்றன என்பதால், அதே சத்தைக் குப்பியில் அடைத்துத் தின்றாலும் அதே பலன் வரும் என்று முடிவுகட்டக் கூடாது என்றார். மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையோ, கருவுற்ற பெண்களுக்கான ஃபோலிக் அமில மாத்திரையையோ அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. தவறாமல் விழுங்கச் சொன்னார். எவரும் எழுதிக் கொடுக்காமல், பெட்டியில் வந்தது என்பதற்காக விழுங்குவதைத்தான் நிறுத்தச் சொன்னார்.

யார் கேட்டார்கள்? ஒரு தாயார் எழுந்து நின்று கேட்டார்:

"எம்புள்ள வெயில்ல நின்னு சம்பாரிச்சு அனுப்புனதுங்க. அதக் குப்பையில போடச் சொல்றீங்களா? நாளைக்கு போன்ல, 'உம்மா, மாத்திர சாப்டியா'ன்னு கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். விடை என்னிடம் இருந்தது. பெருமையோடு சொல்கிறேன், அந்த விடை என்னுடையது. "மேடம், குப்பையில் போடச் சொல்ல வேண்டாம். அமானிதமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்" என்றேன். அமானிதம் என்றால், நம்பி ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவருக்கே அது சொந்தம். வாங்கி வைத்தவர் கண்ணாகக் காக்க வேண்டும். பொருள் வீணாகாது, பிள்ளையின் மனம் நோகாது, தாய் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. "பத்திரமா இருக்குப்பா, அமானிதமா வச்சிருக்கேன்" என்று சொன்னால் அது மெய்தானே?

அந்த ஒரு சொல் செய்த வேலையை என்னவென்று சொல்வேன்! மையத்தின் இரும்பு அலமாரி குப்பிகளால் நிறைந்தது. ஒவ்வொரு குப்பியின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி அம்மையார் தம் கையால் பெயர் எழுதினார். சில குப்பிகள் அலமாரிக்குள்ளேயே காலாவதியாகின. "ஒன்னுத்துக்கும் ஒதவாம செத்துச்சே, அதுவே பெரிய ஒதவி" என்று அவற்றைப் பார்த்து அம்மையார் சிரிப்பார்.

அலமாரிக்குள் எளிதில் வராத குப்பி ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் இதோ, இந்த மண்டபத்தில், நடுவரிசை ஓரத்தில் அமர்ந்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஷஃபியுல்லா அண்ணன். ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். அவர் பெயரைச் சொல்லலாமா என்று பேருந்திலேயே கேட்டுவிட்டேன். "சொல்லிக்க. எனக்கென்ன வெக்கமா" என்றார். ஆகவே சொல்கிறேன்.

ஷஃபியுல்லா அண்ணனின் சட்டைக்கு இரண்டு பைகள். ஒன்றில் சிகரெட். மற்றொன்றில், மகன் ஜாவித் துபாயிலிருந்து அனுப்பிய ஆரஞ்சு நிற மாத்திரைகள். பீட்டா கரோட்டின். கேரட்டுக்கு நிறம் தரும் சத்து அது. அம்மையார் அவர் வீட்டுக்கே போனார். நானும் உடன் போனேன்.

"பாய், சிகரெட்ட விடலையா?"

"எதுக்கும்மா விடணும்? ஒன்னு ஊதுனா ஒரு மாத்திர போட்டுக்குவேன். அது நெஞ்சக் கருக்கும், இது கழுவி விட்டுரும். சரியாப் போச்சுல்ல?"

சபையோரே, சிரிக்க வேண்டாம். அவர் மட்டுமா அப்படி நம்பினார்? ஒரு காலத்தில் அறிஞர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். கேரட்டும் கீரையும் நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருக்கக் கண்டு, அந்தச் சத்தை மாத்திரையாக்கிப் புகைபிடிப்போருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அயல்நாடுகளில் ஆயிரக்கணக்கானோரை வைத்து நடந்த பெரிய ஆய்வுகள் அவை. குறையும் என்று எதிர்பார்த்த புற்றுநோய், மாத்திரை விழுங்கிய புகைப்பழக்கக்காரர்களிடம் கூடியது. ஓர் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதை அம்மையார் அன்று தரையில் உட்கார்ந்து அண்ணனிடம் சொன்னார்.

"கேரட்ல இருக்கறதுதானம்மா இது?"

"அதேதான் பாய். ஆனா கேரட்ல அது கொஞ்சமா வருது, கூட்டாளிங்களோட வருது. இதுல மொத்தமா, தனியா வருது. புகை பட்ட நெஞ்சுல அது என்ன பண்ணுதுன்னு எனக்கு முழுசாத் தெரியாது. என்ன நடந்துச்சுன்னு தெரியும். அதனாலதான் காலைப் புடிக்காத கொறையாக் கேக்குறேன்."

எத்தனை பேர், படித்தவர்கள், "எனக்கு முழுசாத் தெரியாது" என்று ஒரு லாரி ஓட்டுநரிடம் சொல்வார்கள்? அண்ணன் அந்தச் சொல்லுக்குத்தான் பணிந்தார் என்று நினைக்கிறேன். குப்பியை அமானிதமாகக் கொடுத்தார். சிகரெட்டைக் குறைத்தார்; அடியோடு விட்டார் என்று என்னால் சொல்ல இயலாது.

இன்னொரு வீட்டையும் சொல்ல வேண்டும். பூலாம்பாடியில் பஞ்சவர்ணம் அம்மாளுக்கு வாயில் புற்றுநோய் கண்டு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அவருடைய மருமகள் முத்தமிழ், கைப்பேசியில் வந்த செய்தி ஒன்றைப் படித்தாள். அமினோ அமிலம்தான் புற்றுக்கட்டிக்குத் தீனி, அதை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும் என்று எவரோ அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து முட்டை இல்லை, பருப்பு இல்லை, பால் இல்லை. வெறும் கஞ்சித் தண்ணீர். மாமியார் மீது உயிரையே வைத்திருந்த பெண் அவள். அன்பினால் பட்டினி போட்டாள். எங்கள் ஊரில் அமினோ அமிலம் வேண்டும் என்று டப்பாவாக வாங்குகிறார்கள். பூலாம்பாடியில் அது கூடவே கூடாது என்று முட்டையை ஒளித்து வைக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே அம்மையார் பேருந்தில் அலைந்தார்.

அம்மையார் அந்த வீட்டு அடுப்படிக்குப் போய்த் தாமே முட்டையை அவித்து மசித்தார். முத்தமிழ் கதவோரம் நின்று அழுதாள்.

"கட்டி வளந்துடுச்சுன்னா நான் என்னக்கா பண்ணுவேன்?"

"கட்டியப் பட்டினி போடுற வித்தையெல்லாம் இன்னும் சோதனைக் கூடத்துலதான் பாத்துக்கிட்டிருக்காங்க முத்தமிழ். நம்ம அடுப்படியில அது நடக்காது. நீ பட்டினி போட்டா மொதல்ல ஒங்க அத்ததான் போவாங்க. சிகிச்சையத் தாங்குறதுக்கு ஒடம்பு வேணும்ல?"

பஞ்சவர்ணம் அம்மாள் மசித்த முட்டையைச் சுவைத்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "உப்பு பத்தல." அந்த வீட்டில் நெடுநாளைக்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் அம்மாள் இன்று இதே மண்டபத்தில் அமர்ந்திருக்கிறார். அவரை உட்கார வைத்தவர் இன்று இல்லை.

சபையோரே, இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அம்மையாருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். புகை அறியாதவர், கீரை இல்லாமல் ஒருநாளும் உண்ணாதவர், தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் அதட்டியவர். அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். இதை எந்தப் புத்தகத்தில் வைத்துப் படிப்பது? எந்தச் சொல்லால் விளக்குவது?

மருத்துவமனைக்குப் போய் நான் கேட்டே விட்டேன். "மேடம், ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, உங்களுக்கு ஏன்?"

"தெரியாது ஹுஸ்னா."

"யாராவது என்னையக் கேட்டா என்னன்னு சொல்ல?"

"தெரியாதுன்னே சொல்லுங்க. நல்ல சாப்பாடு ஆபத்தக் கொறைக்கும். கொறைக்கும்னுதான் சொன்னேன், வராதுன்னு நான் சொன்னதில்ல. ஆனா ஜனங்க காதுல 'வராது'ன்னுதான் விழுந்திருக்கும். நான் போனதுக்கப்பறம் என்னையக் காட்டித்தான் பேசுவாங்க. நீங்கதான் தாங்கணும்."

தாங்க முடியும் என்று அன்று தலையாட்டினேன்.

அடுத்து வந்தவர் ஷஃபியுல்லா அண்ணன். கையில் புதிய ஆரஞ்சுக் குப்பி. ஜாவித் அண்மையில் அனுப்பியது. தமக்காகக் கொண்டு வரவில்லை. கட்டிலருகே வைத்தார்.

"நீங்க சாப்புடுங்கம்மா. ஒங்களுக்குத்தான் இப்ப வேணும். சத்தியமா நான் ஒன்னுகூட எடுக்கல, சீல் பிரிக்கல."

அம்மையார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அரியமுத்து ஐயாவிடம் பிளாஸ்திரி கேட்டார். தம் கையால் 'ஷஃபியுல்லா' என்று எழுதி ஒட்டி என்னிடம் நீட்டினார். "அலமாரியில வச்சிருங்க" என்றார். அண்ணன் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவர் மனதில் அன்று என்ன விதை விழுந்தது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

அம்மையார் மறைந்தார். அடக்கம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாளே மையத்துக் கதவு தட்டப்பட்டது. பிள்ளை வெயிலில் நின்று அனுப்பியது என்று அன்று கேட்டாரே, அதே தாயார்.

"கோவிச்சுக்காத ஹுஸ்னா. அந்தம்மா நல்ல மனுசிதான். ஆனா அவங்க சொன்னபடி சாப்ட்டு அவங்களே போயிட்டாங்க. எம்பாட்டிலக் குடு."

அவருக்குப் பின் இன்னொருவர். அவருக்குப் பின் இன்னொருவர். யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லோரும் கண் கலங்கியே வந்தார்கள். எல்லோரும் அம்மையாருக்காக இறைவனிடம் துஆ செய்துவிட்டே கை நீட்டினார்கள். "தெரியாது, ஏன் வந்தது என்று தெரியாது" என்று அம்மையார் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "தெரியாதுன்னா அப்பறம் எதுக்கு எங்களுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டார்கள். ஆபத்து குறைவது வேறு, இல்லாமலே போவது வேறு என்று விளக்கினேன். நான் படித்த அத்தனையையும் அந்த வாசலில் நின்று கொட்டினேன். கேட்டுக்கொண்டார்கள். பிறகு கை நீட்டினார்கள்.

ஓடிப்போய்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன், கொடுக்காமல் இருக்க வழி உண்டா என்று.

"அமானிதம் கேட்டா குடுத்துடணும் தாயி. வச்சிருந்தவங்க மவுத்தாயிட்டா இன்னும் வெரசாக் குடுத்துடணும். கெடுதல்னு ஒனக்குத் தெரிஞ்சா எடுத்துச் சொல்லு. சொல்லிட்டுக் குடு."

அமானிதம் என்ற சொல்லை அம்மையாருக்குக் கொடுத்தவள் நான். அந்தச் சொல்தான் குப்பிகளைக் கொண்டு வந்தது. அதே சொல்தான் இன்று அவற்றை வெளியே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறது. என் கையால் எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய இயலும்? அவர்களுடைய பொருள். அவர்களுடைய வாய். அவர்களுடைய உடம்பு. என்னிடம் இருந்தது ஒரு சாவி மட்டும்.

ஷஃபியுல்லா அண்ணனின் பழைய குப்பி முன்பே காலாவதியாகிவிட்டது; இன்று காலை அலமாரியில் ஒரே ஒரு குப்பி மிஞ்சியிருந்தது, அம்மையார் மருத்துவமனையில் பெயர் எழுதியது. இங்கே வருவதற்காகக் கதவைப் பூட்டும்போது ஷஃபியுல்லா அண்ணன் வாசலில் நின்றார். பேருந்து போயிற்று. நாங்கள் நின்றோம். அவர் இருமி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"என் ஒடம்புக்காகக் கேக்கல ஹுஸ்னா. அந்தம்மா அத அன்னிக்கே சாப்ட்ருந்தா இருந்திருப்பாங்க. நான் குடுத்தத அலமாரியில வச்சுப் பூட்டிட்டீங்க. அந்தம்மா சாப்புடாம வுட்டத நான் வுட மாட்டேன், நானே சாப்புடுவேன்."

"அண்ணே, நீங்க இன்னும் ஊதுறீங்களா?"

"அந்தம்மா போனதுலேந்து கூடிப்போச்சு."

அடுத்த பேருந்தில் என்னோடு வாருங்கள், அம்மையாரைப் பற்றிப் பேசப் போகிறேன், கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "பேசு. பேசிட்டுக் குடு" என்றார். ஹஜ்ரத் சொன்னதும் இதையேதான். அதனால்தான் இச்சபைக்குத் தாமதமாக வந்தேன்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைத்து முடிப்பது இரங்கல் உரைக்குரிய மரபு. நானும் சூளுரைக்கிறேன். வழக்கமான வியாழக்கிழமைகளில் மையத்தைத் திறந்து வைப்பேன். கீரையைப் பற்றியும் பருப்பைப் பற்றியும் பேசுவேன். அம்மையாருக்கு ஏன் வந்தது என்று கேட்டால் தெரியாது என்பேன். அவர் உண்ட கீரை அவரை ஏமாற்றியது என்று சொன்னால் மறுப்பேன். என் சூளுரை அவ்வளவுதான் எட்டும். அடுத்தவர் வாய்க்குள் என் சூளுரை நுழையாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு கசக்கிறது என்பதை என் தமிழால்கூடச் சொல்ல முடியவில்லை.

ஷஃபியுல்லா அண்ணன் அவர்களே, இதோ உங்கள் குப்பியை இந்த மேசை மேல் வைக்கிறேன். சீல் பிரியவில்லை. பிளாஸ்திரியின் மேல் இருப்பது அம்மையார் கடைசியாக எழுதிய எழுத்து. இந்த மாத்திரை அவரைப் பிழைக்க வைத்திருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். வைத்திருக்காது அண்ணே. புகைபிடிக்கும் உங்கள் நெஞ்சுக்கு இது கெடுதல் செய்யக்கூடும். எடுத்துச் சொல்ல வேண்டியதைச் சபையறியச் சொல்லிவிட்டேன். இனி இது உங்கள் பொருள். கேட்டால் இப்போதே தர வேண்டியவள் நான். மறுக்கும் உரிமை எனக்கு இல்லை. "இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நாள் அமானிதமா இருக்கட்டும்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு மட்டுமே உண்டு.

நம் ஊர்ப் பேருந்துக்கு அதிக நேரம் இல்லை. உங்கள் பதிலை விரைவாகச் சொல்லுங்கள்.